வீடு தேடி வந்த தெய்வம்: ஓவியர் ராஜா ரவிவர்மாவின் வாழ்வும் தொண்டும்

திருவிழாக் கொடியேற்றத்திற்கு முன்னர் ஆலய வளாகத்தைத் தூய்மை செய்வது எங்கள் வழக்கம். ஒவ்வோர் ஆண்டும் அப்பணியின்போது என் மனத்தை வருத்தும் காட்சி ஒன்று உண்டு. அரசமரத்தடியில் பழைய சாமி படங்கள் வரிசையாகச் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் கண்ணாடி உடைந்திருக்கும். சிலவற்றில் மரச்சட்டம் உளுத்துப் போயிருக்கும். தோட்டத்து லயத்தை விட்டு அடுக்குமாடி வீட்டிற்குக் குடிபெயர்ந்தோரும், பாட்டி மறைந்த பின்னர் அவருடைய பூசை மேடையைக் கலைத்தோரும், வீட்டில் வைத்திருக்க இடமின்றியும் குப்பையில் எறிய அஞ்சியும், அவற்றைக் கோயிலில் கொண்டு வந்து சேர்த்துவிட்டுப் போகின்றனர்.

சென்ற ஆண்டு அவ்வாறு கிடந்த படங்களுள் ஒன்றை எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். செந்தாமரை மேல் நிற்கும் திருமகள்; பக்கத்தில் மாலையேந்திய யானை; கீழே நீரில் அன்னப் பறவைகள். படத்தின் அடிவிளிம்பில், புகை படிந்து மங்கிய எழுத்துகளில், அதனை அச்சிட்ட கூடத்தின் பெயர் இருந்தது. ரவிவர்மா அச்சகம், கார்லா லோனாவ்லா என்பதே அப்பெயர். உடனிருந்த இளைஞர்களிடம் ரவிவர்மா யார் என்று வினவினேன். அறுவருள் ஒருவருக்கும் தெரியவில்லை.

அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. நாள்தோறும் நாம் கைகூப்பும் திருமகளின் முகமும் கலைமகளின் முகமும் எவர் கைவண்ணத்தில் இவ்வடிவம் பெற்றன என்பதை நாம்தாம் அவர்களுக்குச் சொல்லத் தவறிவிட்டோம். அக்குறையை ஓரளவேனும் நீக்கும் பொருட்டு, அந்த ஓவியப் பெருந்தகையின் வாழ்க்கையை இத்திருவிழா மலரில் சுருக்கமாக எடுத்துரைக்க விழைகின்றேன்.

பிறப்பும் இளமையும்

திருவனந்தபுரத்திற்கு வடக்கே உள்ள கிளிமானூர் என்னும் ஊரில், 1848ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 29ஆம் நாள் ரவிவர்மா பிறந்தார். தந்தையார் ஏழுமாவில் நீலகண்டன் பட்டதிரிப்பாடு வடமொழிப் புலமை மிக்கவர். தாயார் உமா அம்பா பாய் கவிதை புனையும் ஆற்றல் வாய்ந்தவர். பெயருக்கு முன்னால் ராஜா என்று இருப்பதனால் ரவிவர்மா ஒரு நாட்டை ஆண்ட மன்னர் என்று எண்ணிவிடலாகாது. கிளிமானூர்க் குடும்பம் திருவிதாங்கூர் அரச குடும்பத்தோடு தலைமுறை தலைமுறையாக மணவுறவு கொண்ட குடும்பமாகும். அவர் ஆண்டது தூரிகையும் வண்ணமும் கொண்ட அரசு ஒன்றையே.

சிறுவயதில் கரித்துண்டு கொண்டு வீட்டுச் சுவர்களில் விலங்குகளையும் மனிதர்களையும் வரைந்து வந்தார் என்பர். சுவரை அழுக்காக்கினான் என்று பிறர் சினந்தபோது, அக்கோடுகளில் இருந்த உயிரைக் கண்டவர் தாய்மாமனான ராஜராஜவர்மா. அவரும் ஓர் ஓவியரே. தமிழகத்திலிருந்து வந்து திருவிதாங்கூர் அரண்மனையில் பணிபுரிந்த அழகிரி நாயுடுவிடம் கலை பயின்றவர். ஆகவே, ரவிவர்மா பெற்ற முதற் பாடத்திலேயே தமிழக ஓவிய மரபின் சாயல் கலந்திருந்தது என்பதைத் தமிழர்களாகிய நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.

1862ஆம் ஆண்டு, தம் 14ஆம் வயதில், மாமனுடன் திருவனந்தபுரம் சென்று ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் ஆதரவைப் பெற்றார். 1866இல் மாவேலிக்கரை அரச குடும்பத்துப் பாகீரதி அம்மையாரை மணந்தார்.

மறைத்து வைக்கப்பட்ட கலை

அக்காலத்தில் எண்ணெய் வண்ணம் கொண்டு துணியில் ஓவியம் தீட்டும் முறை நம் நாட்டிற்குப் புதியது. அரண்மனையில் அம்முறையை அறிந்தவர் மதுரையைச் சேர்ந்த ராமசாமி நாயக்கர் என்னும் ஓவியர். இளைஞரான ரவிவர்மாவுக்கு அதனைக் கற்பிக்க அவர் இசையவில்லை. தொழில் இரகசியத்தைப் பிறர்க்குச் சொன்னால் தம் பிழைப்புக்கு இடையூறு நேருமோ என்ற அச்சம் அந்நாளைய கலைஞர் பலரிடமும் இருந்ததுதான். ஆயினும், நாயக்கரின் மாணவரான ஆறுமுகம் பிள்ளை என்னும் தமிழர், ஆசிரியருக்குத் தெரியாமல், இரவு வேளைகளில் ரவிவர்மாவுக்கு அந்நுட்பங்களைச் சொல்லிக் கொடுத்தார் என்று வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன.

1868இல் தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியர் மகாராஜாவின் உருவப்படத்தை வரையத் திருவனந்தபுரம் வந்தார். அவரும் கற்றுத்தர முன்வரவில்லை. வரையும்போது அருகில் நின்று பார்க்க மட்டும் இசைவு கிட்டியது. ரவிவர்மா பார்த்தார், தனித்திருந்து முயன்றார், தவறினார், மீண்டும் முயன்றார். பிறர் மூடி வைத்ததைக் கண்ணாலேயே கற்றுக்கொண்டார். தமக்கு மூடப்பட்டிருந்த கதவின் முன் நின்ற அந்த அனுபவந்தானோ, பின்னாளில் தம் கலையை எல்லார்க்கும் திறந்துவிடும் எண்ணத்தை அவருக்குத் தந்தது என்று நான் நினைப்பதுண்டு.

மூகாம்பிகை சந்நிதியில்

1870ஆம் ஆண்டு அவர் வாழ்வில் ஒரு திருப்பம் நிகழ்ந்தது. ஓவியத்தையே தொழிலாக மேற்கொள்ளுமுன், கொல்லூர் மூகாம்பிகை அம்மன் ஆலயத்திற்குச் சென்று 41 நாள் விரதமிருந்து வழிபட்டார். திரும்பும் வழியில், கோழிக்கோட்டில் ஒரு குடும்பத்தாரின் உருவப்படத்தை வரையும் வாய்ப்புக் கிடைத்தது. அவர் ஊதியம் பெற்று வரைந்த முதல் படம் அதுவேயாகும். அரச குலத்தோடு உறவுடைய ஒருவர் கைத்தொழிலாளியைப் போல் கூலி பெற்று வரைவதா என்று முகம் சுளித்தோரும் இருந்திருப்பர். அவரோ அதனைப் பொருட்படுத்தவில்லை. அம்மனை வணங்கித் தொடங்கிய தொழில் அவருக்கு இழிவாகத் தோன்றவில்லை.

1873இல் சென்னையில் நடைபெற்ற நுண்கலைக் கண்காட்சிக்கு, கூந்தலில் முல்லைச் சரம் சூடும் நாயர் குலப் பெண்ணின் ஓவியம் ஒன்றை அனுப்பினார். அதற்குத் தங்கப் பதக்கம் வழங்கப்பட்டது. அதே ஆண்டு வியன்னா நகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சியிலும் அவருக்குப் பரிசு கிடைத்தது. 25 வயதே நிரம்பிய ஓர் இளைஞரின் பெயர் ஒரே ஆண்டில் கடல் கடந்து ஒலித்தது. 1876இல் சகுந்தலை தாமரையிலையில் மடல் வரையும் ஓவியத்தைச் சென்னையில் காட்சிக்கு வைத்தார். சென்னை ஆளுநராக இருந்த பக்கிங்காம் கோமகன் அதனை விலைகொடுத்து வாங்கிக்கொண்டார்.

தெய்வத்திற்கு என்ன உடை?

1880இல் ஆயில்யம் திருநாள் மகாராஜா மறைந்தார். அதன்பின் திருவனந்தபுரம் அரண்மனையில் ரவிவர்மாவுக்கு முன்பிருந்த ஆதரவு குறைந்தது. அவ்வேளையில் அவருக்குக் கைகொடுத்தவர் கும்பகோணத்தில் பிறந்த அறிஞர் சர் தா. மாதவராவ் ஆவார். திருவிதாங்கூரில் திவானாக இருந்து, பின்னர் பரோடா அரசின் திவானாக விளங்கிய அவருடைய முயற்சியால் ரவிவர்மா பரோடாவுக்கு அழைக்கப்பட்டார். 1885இல் மைசூர் மன்னரின் அழைப்பும் வந்தது.

1888ஆம் ஆண்டு பரோடா மன்னர் மூன்றாம் சாயாஜிராவ் கெய்க்வாட், புராண இதிகாசக் காட்சிகளைச் சித்திரிக்கும் 14 ஓவியங்களை வரைந்து தருமாறு பணித்தார். அப்போதுதான் ரவிவர்மாவின் முன் பெருஞ்சிக்கல் ஒன்று எழுந்தது. தமயந்தியும் சுபத்திரையும் எவ்வகை உடை உடுத்தியிருந்தனர்? கேரளத்துப் பெண்ணின் உடையைத் தீட்டினால் வங்காளத்தார்க்கு அந்நியமாகத் தோன்றும். மராட்டியப் பெண்ணின் உடையைத் தீட்டினால் தமிழர்க்கு அந்நியமாகத் தோன்றும். பாரத நாட்டார் அனைவரும் தம்மவள் என்று கருதும்படி ஓர் அன்னையை எவ்வாறு காட்டுவது?

இதற்கு விடை தேடி, தம் தம்பியான ராஜராஜவர்மாவுடன் வடநாடெங்கும் பயணம் செய்தார். கோயில்களைக் கண்டார். சந்தைகளில் நின்று மக்களின் நடையுடை பாவனைகளைக் கூர்ந்து நோக்கினார். முடிவில் அவர் தேர்ந்தது சேலையே ஆகும். இன்று திருமகள் என்றவுடன் நம் மனக்கண்ணில் பட்டுச் சேலை உடுத்திய அன்னை ஒருத்தி தோன்றுகிறாள் அல்லவா? அத்தோற்றம் மக்கள் மனத்தில் நிலைபெற்றதற்கு, அவர் அன்று மேற்கொண்ட முடிவு பெருங்காரணமாகும்.

14 ஓவியங்களும் நிறைவெய்தியபோது அவற்றிற்கு 50,000 ரூபாய் வழங்கப்பட்டது. அந்நாளில் அது மாபெரும் தொகை. ஓவியங்கள் அரண்மனைக்குள் செல்லுமுன் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. மக்கள் திரண்டு வந்தனர். அவ்வோவியங்களின் முன் பலர் சந்நிதியில் நிற்பதுபோல் நின்றனர் என்பர். 1893இல் அமெரிக்காவின் சிகாகோ உலகக் கண்காட்சிக்கு ரவிவர்மாவின் 10 ஓவியங்கள் சென்று பதக்கம் பெற்றன. அக்கண்காட்சியையொட்டி நடைபெற்ற உலகச் சமயப் பேரவையில்தான் சுவாமி விவேகானந்தர் உரையாற்றினார் என்பது குறிப்பிடத்தக்கது.

புகழின் உச்சியில் இருந்த அக்காலத்தில் கிளிமானூருக்கு வந்து குவிந்த கடிதங்களைக் கையாள்வதற்கென்றே அவ்வூரில் ஓர் அஞ்சலகம் திறக்கப்பட்டது என்று கூறுவர். இவ்வளவு புகழ் பெற்றவர் மன்னர்களுக்கு மட்டுமே வரைந்துகொண்டு செல்வச் செழிப்போடு வாழ்ந்து முடித்திருக்கலாம். அவ்வாறு செய்யாமையே அவர்தம் பெருமை.

கல்லில் பிறந்த படங்கள்

1884ஆம் ஆண்டிலேயே சர் தா. மாதவராவ் அவருக்கு ஓர் ஆலோசனை கூறியிருந்தார். ஒருவர் கையால் வரையும் ஓவியம் எத்தனை பேரைச் சென்றடைய முடியும்? அவற்றுள் சிலவற்றை ஐரோப்பாவுக்கு அனுப்பி வண்ண அச்சில் எடுத்தால் எண்ணற்றோர்க்குக் கிட்டுமே என்பதே அந்த ஆலோசனையின் சாரம். பத்தாண்டுகள் கழித்து ரவிவர்மா அதனை வேறு வகையில் நிறைவேற்றினார். ஐரோப்பாவுக்கு ஓவியத்தை அனுப்பாமல், ஐரோப்பிய அச்சு இயந்திரத்தையே இந்தியாவுக்கு வரவழைத்தார். 1894இல் பம்பாய் நகரில் ரவிவர்மா ஓவிய அச்சகம் தோன்றியது. ஜெர்மானியத் தொழில்நுட்ப வல்லுநர்கள் அமர்த்தப்பட்டனர். சகுந்தலையின் பிறப்பைக் காட்டும் படமே அங்கு முதலில் அச்சானது.

அந்நாளைய கல்லச்சு முறை வியப்புக்குரியது. வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக் கல்லின் மேல் எண்ணெய்ப் பசையுள்ள மையினால் படத்தை வரைவர். பின்னர் கல்லை நீரால் நனைப்பர். மை பட்ட இடம் நீரை ஏற்காது. மற்ற இடம் நீரை உறிஞ்சிக்கொள்ளும். அதன் மேல் அச்சு மையை உருட்டினால், வரைந்த இடத்தில் மட்டும் ஒட்டும். ஒரு கல்லில் ஒரு வண்ணமே அச்சாகும். ஆதலின், ஒரு படத்திற்குப் பல வண்ணங்கள் வேண்டுமெனில் அத்தனை கற்கள் வேண்டும். ஒவ்வொரு தாளும் ஒவ்வொரு கல்லின் மேலும் அணுவளவும் பிசகாமல் அமர வேண்டும். சற்றே விலகினாலும் அம்மனின் இதழ்ச் சிவப்பு கன்னத்தில் போய்விடும். இறுதியில் பளபளப்பு மெருகு பூசுவர். அப்போது அது எண்ணெய் வண்ண ஓவியம் போலவே ஒளிரும்.

இவ்வாறு திருமகளும் கலைமகளும், வள்ளி தெய்வானையோடு மயில்மீதமர்ந்த சண்முகரும், அரண்மனைச் சுவரை விட்டிறங்கி எளியோர் வீடுகளை நாடிச் சென்றனர். காரைக்குடி வட்டாரத்து நகரத்தார் மாளிகைகளில் இப்படங்களை இன்றும் காணலாம். சிலர் படத்திலுள்ள சேலைக்கு மெய்யான சரிகைத் துணியும் மணியும் ஒட்டி அம்மனுக்கு அணி செய்து மகிழ்ந்தனர். ஏழையின் வீட்டிலோ அதே அம்மன் வெறுந்தாளாக ஆணியில் தொங்கினாள். இரு வீட்டிலும் முகம் ஒன்றுதான்.

ஆனால், அந்த அச்சகம் அவருக்குச் செல்வத்தைத் தரவில்லை. கடன் பெருகியது. கூட்டாளியுடன் கருத்து வேறுபாடு எழுந்தது. பம்பாய் நகரைக் கொள்ளை நோய் வாட்டியது. தொழிற்கூடம் நகரை விட்டு இடம் பெயர்ந்து, 1899இல் லோனாவ்லாவை அடுத்த மாளவலியில் அமைந்தது. முடிவில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அங்குப் பணியாற்றிய ஜெர்மானியரான பிரிட்ஸ் ஷ்லைக்கரிடம் அச்சகத்தையும் படங்களை அச்சிடும் உரிமையையும் விற்றுவிட நேர்ந்தது. தம் பெயரால் விற்பனையான படங்களின் வருவாய் பிறர் கைக்குச் செல்வதை அவர் கண்டார். எனினும், படங்கள் நின்றுவிடவில்லை, பெருகின. அந்த அச்சகத்தில் தொழில் பழகிய துண்டிராஜ் கோவிந்த பால்கே என்பவரே பின்னர் 1913இல் அரிச்சந்திரன் கதையைத் திரைப்படமாக்கி, இந்தியத் திரையுலகின் தந்தை எனப் போற்றப்பட்டார்.

நிறைவுக் காலம்

1904இல் ஆங்கில அரசு அவருக்குக் கெய்சர்-இ-இந்து என்னும் தங்கப் பதக்கத்தை வழங்கியது. இந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1905ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் தம்பி ராஜராஜவர்மா காலமானார். அண்ணனின் ஓவியங்களுக்குப் பின்னணியாக மலையும் நீரும் வானும் தீட்டியவர் அவர். பயணங்களில் உடன் சென்றவரும், கணக்கு வழக்குகளைப் பார்த்தவரும், நாள்தோறும் நடந்தவற்றைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தவரும் அவரே. பெரியோர் ஒருவரின் பெயருக்குப் பின்னால் இத்தகைய தம்பியர் எத்தனை பேர் மறைந்து நிற்கின்றனர்! கோயில் திருப்பணியிலும் அப்படித்தான். கல்வெட்டில் பெயர் வராதவர்கள்தாம் கல் சுமந்தவர்கள்.

தம்பியை இழந்த துயரமும் நீரிழிவு நோயும் ரவிவர்மாவைத் தளரச் செய்தன. ஆயினும், மைசூர் அரண்மனைக்கென ஏற்றுக்கொண்ட புராண ஓவியங்களை அவர் கைவிடவில்லை. 1906ஆம் ஆண்டு அக்டோபர் திங்கள் 2ஆம் நாள், பிறந்த கிளிமானூரிலேயே, தம் 58ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார்.

புகழுரையும் பழியுரையும்

அவர் மறைந்த பின் அறிஞர் சிலர் அவருடைய ஓவியங்களைக் கடுமையாகச் சாடினர். அவர்களுள் முதன்மையானவர், கொழும்பில் பிறந்த தமிழ்க் குலத்துப் பேரறிஞர் ஆனந்த குமாரசுவாமி ஆவார். ரவிவர்மாவின் தெய்வங்கள் நாடக மேடையில் வேடமிட்டு நிற்பவரைப் போல் தோன்றுகின்றனர் என்றும், ஐரோப்பிய முறையைப் பின்பற்றியதனால் நம் சிற்ப மரபின் தெய்வத்தன்மை அவற்றில் குன்றிவிட்டது என்றும் அவர் கருதினார்.

இக்கருத்தை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. நம் ஆலயக் கருவறையில் எழுந்தருளியிருக்கும் திருமேனி, சிற்ப நூலின் அளவுகளுக்கிணங்க அமைந்தது. அது எந்த மனிதரின் சாயலையும் கொண்டதன்று. சோழர் காலத்து நடராசர் திருமேனியைக் கண்டவர்க்கு அவ்வேறுபாடு நன்கு விளங்கும். மேலும், ரவிவர்மாவின் தூரிகை பெரும்பாலும் புராணத் தெய்வங்களையே நாடிற்று. நம் தோட்டத்து எல்லையைக் காத்து நின்ற முனீசுவரரும் மதுரை வீரனும் அவருடைய புகழ்பெற்ற ஓவியங்களில் இடம் பெறவில்லை. அவர் வரைந்த அன்னையரின் நிறமும் அணியும் உயர்குடிப் பெண்டிரின் நிறமும் அணியுமாகவே இருந்தன. இவை உண்மையான குறைகளே.

எனினும், இவ்வழக்கில் சாட்சி சொல்ல வேண்டியவர் மற்றொருவர் இருக்கின்றார். அவர் என் பாட்டி.

என் பாட்டியார் ரஜுலா கப்பலில் இந்நாட்டிற்கு வந்தவர். தமிழகத்தில் அவர் பிறந்த குடியினர் பெரிய கோயிலின் வாசலைக் கடக்க முடியாது. தேர் வரும் வீதியிலும் அவர்களுக்கு இடமில்லை. கோபுரத்தைத் தொலைவில் நின்று கும்பிட்டதோடு சரி. உள்ளே இருக்கும் அம்மனின் முகம் எப்படி இருக்கும் என்பதை அவர் அறிந்ததில்லை. மலாக்கா மாநிலத்துத் தோட்டமொன்றில் பால் வெட்டும் வேலையில் சேர்ந்து, முதல் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பட்டணத்துக் கடையில் அவர் வாங்கியது ஒரு திருமகள் படம். லயத்து வீட்டின் பலகைச் சுவரில் அதனை மாட்டி, மண்ணெண்ணெய் விளக்கின் ஒளியில் அம்மனைக் கண்ணோடு கண் பார்த்த அந்த இரவைப் பற்றித் தம் முதுமையிலும் சொல்லிக்கொண்டிருப்பார். விடியற்காலையில் பெரட்டுக்குப் புறப்படுமுன் அப்படத்திற்கு முன் ஒரு நிமிடம் நிற்பார். குருக்கள் இல்லை, கொடிமரம் இல்லை, விலகி நில் என்று சொல்வாரும் இல்லை. நாடக வேடம் என்று அறிஞர் சொன்ன அதே முகந்தான் அவருக்குக் கருவறையாக இருந்தது.

ரவிவர்மா வாழ்ந்த திருவிதாங்கூரிலும் இந்நிலையே நிலவியது. கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கவும் பலர்க்கு உரிமையில்லை. அதனை எதிர்த்து 1924இல் வைக்கத்தில் போராட்டம் எழுந்ததும், தந்தை பெரியார் அதில் பங்கேற்றுச் சிறை சென்றதும் நாம் அறிந்தவையே. 1936ஆம் ஆண்டு நவம்பர் திங்கள் 12ஆம் நாள், திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள் பலராமவர்மா, இந்துக்கள் அனைவரும் அரசுக் கோயில்களுக்குள் நுழையலாம் என்று ஆணை பிறப்பித்தார். 1939இல் மதுரை மீனாட்சியம்மன் ஆலயத்திலும் கதவு திறந்தது. அந்தச் சித்திரைத் திருநாள் மன்னர் யார் தெரியுமா? ரவிவர்மாவின் பேத்தியான சேது பார்வதி பாய் அவர்களின் மைந்தர். கதவைத் திறந்தது போராடிய மக்களின் உறுதிதான் என்பதில் ஐயமில்லை. எனினும், ஆணையிட்ட மன்னருக்கு 40 ஆண்டுகள் முன்னதாகவே, அவருடைய முன்னோர் ஒருவர், தெய்வத்தைக் கோயிலுக்கு வெளியே அழைத்து வந்து ஏழையின் வீட்டில் அமர்த்திவிட்டார் என்பதை எண்ணும்போது உள்ளம் சிலிர்க்கின்றது.

மலாக்கா மண்ணும் ஓவியமும்

ரவிவர்மாவின் அச்சகம் தொடங்கப்பெற்ற அதே காலத்தில்தான் நம் வட்டாரத்தின் வரலாறும் மாறியது. 1896இல், நம் ஆயர் குரோவிற்கு அண்மையிலுள்ள புக்கிட் லிந்தாங்கில், தான் சே யான் என்பார் வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்டார். அம்மரங்களை நாடி வந்தவர்களே நம் முன்னோர்களுள் பலர். அவர்கள் தகரப் பெட்டியிலும் துணி மூட்டையிலும் கொண்டு வந்தவை மிகச் சில. அவற்றுள் ஒன்று சாமி படம்.

பின்னாளில் கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜுவும் (1898–1976) அவர்தம் மாணவர்களும் வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசி நாட்காட்டிகளில் அச்சாகி உலகெங்கும் பரவின. நாடகத் திரைச்சீலை வரைந்து வந்த கொண்டையராஜு, தமிழ்நாட்டு ஆலயங்களின் மணத்தை அப்படங்களில் சேர்த்தார். இன்று நம் இல்லங்களில் உள்ள முருகன் படங்களும் மீனாட்சி படங்களும் பெரும்பாலும் அம்மரபின் வழி வந்தவையே.

கலையைக் காண நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. மலாக்கா நகரம் 2008இல் உலகப் பாரம்பரிய நகரமாக அறிவிக்கப்பட்டது. அங்குத் தட்டார் தெருவில், 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் ஆலயம் இன்றும் வழிபாட்டோடு விளங்குகின்றது. அத்தெருவிலும் அடுத்த தெருவிலும் பள்ளிவாசலும் சீனர் ஆலயமும் அண்டை வீட்டாரைப் போல் நிற்கின்றன. ஆற்றங்கரை வீடுகளின் பின்சுவர்களில் இளம் ஓவியர்கள் தீட்டிய பெரிய ஓவியங்களைப் படகில் செல்வோர் கண்டு மகிழ்கின்றனர். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அங்கு அழைத்துச் செல்லுங்கள். நம் ஆலய விமானத்தில் உள்ள சுதைச் சிற்பங்களையும் நின்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கோடு எவ்வாறு முகமாகின்றது, ஒரு முகம் எவ்வாறு தெய்வமாகின்றது என்று அவர்கள் வியக்கட்டும். கரித்துண்டால் சுவரில் கிறுக்கும் பிள்ளை நம் வீட்டிலும் இருக்கலாம். அதைக் கண்டு மகிழ ஒரு தாய்மாமன் வேண்டும், அவ்வளவே.

ஒரு வேண்டுகோள்

ரவிவர்மாவின் ஓவியங்களை 1979இல் இந்திய அரசு நாட்டின் கலைச் செல்வமாக அறிவித்து, அவற்றை வெளிநாட்டிற்குக் கொண்டு செல்லத் தடை விதித்தது. திருவனந்தபுரத்திலும், மைசூர் ஜகன்மோகன் அரண்மனையிலும், பரோடாவிலும் அவற்றைப் பேணிக் காக்கின்றனர். அவருடைய அச்சகமோ 1972இல் தீக்கிரையாயிற்று. எனவே, அங்கு அச்சான பழைய படம் ஒவ்வொன்றும் இனி மீண்டும் கிடைக்காத பொருளாகும்.

அப்படங்களுள் ஒன்று உங்கள் வீட்டு அட்டாலியில் இருக்கக்கூடும். ஆகவே, இறையன்பர்களிடம் ஆலயத்தின் சார்பில் பணிவான வேண்டுகோள் ஒன்றை முன்வைக்கின்றேன். பழைய சாமி படங்களை இனி அரசமரத்தடியில் மழைக்கும் கறையானுக்கும் விட்டுவிடாதீர்கள். ஆலய அலுவலகத்தில் கொண்டு வந்து கொடுங்கள். அதனை முதலில் வாங்கியவர் யார், எந்தத் தோட்டத்தில் எந்தச் சுவரில் மாட்டியிருந்தார் என்பதையும் இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். இவ்வாண்டுத் திருவிழா நாள்களில் ஆலய மண்டபத்தின் ஒரு சுவரை அப்படங்களுக்கென ஒதுக்கியிருக்கின்றோம். சென்ற ஆண்டு மரத்தடியில் கண்டெடுத்த திருமகள் படம் அங்கு முதலில் இடம் பெறும். அதன் சொந்தக்காரர் யாரென்று இன்றுவரை தெரியவில்லை. இதனைப் படிப்பவர்களுள் அவருடைய பேரனோ பேத்தியோ இருப்பின், வந்து தம் பாட்டியின் பெயரைச் சொன்னால், படத்தின் கீழ் அப்பெயரையும் எழுதி வைப்போம்.

வரைந்தவரின் பெயர் ரவிவர்மா என்று உலகம் அறியும். அதன் முன் விளக்கேற்றியவரின் பெயரை நாம்தாம் எழுதி வைக்க வேண்டும். அனைவரும் குடும்பத்துடன் வருக. அம்மன் அருள் பெறுக.

— ஆலயச் செயலாளர், ஆயர் குரோ, மலாக்கா